வீட்டுக் கணினிக்கு இலவச ஆன்ட்டிவைரஸ்: நிறுவும் முன் எடைபோட்டுப் பார்க்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் உள்ள என் சித்தி வீட்டு மடிக்கணினியைச் சென்ற ஐப்பசி மழையில் ஒருநாள் திறந்து பார்த்தேன். திரையின் வலது கீழ்மூலையில் மூன்று நிறுவனங்களின் சின்னங்கள் அடுத்தடுத்து நின்றன. ஒன்று, கணினியை வாங்கியபோதே உடன்வந்து, காலாவதியாகி ஓராண்டைக் கடந்துவிட்ட சோதனைப் பதிப்பு. இன்னொன்று, சித்தியின் மகன் நண்பர் சொல்லக் கேட்டுப் பதிவிறக்கிய இலவசப் பதிப்பு. மூன்றாவது, பழுது பார்த்த கடைக்காரர் கேட்காமலே ஏற்றிக் கொடுத்தது. இத்தனை காவல் இருந்தும், வளைகுடாவில் செவிலியர் பணிக்கு விண்ணப்பிக்கும் தங்கை தன் சான்றிதழ்களைச் சேமித்து வைத்திருந்த பென்டிரைவில், கோப்புறைகள் எல்லாம் மூலையில் வளைந்த அம்புக்குறி போட்ட குறுக்குவழிகளாக (ஷார்ட்கட்) மாறிக் கிடந்தன. ஒன்றை வலது சொடுக்கிட்டுப் பண்புகளைப் பார்த்தால் அளவு இரண்டு கேபிதான். அது சுட்டிய இடமோ கோப்புறை அல்ல, பென்டிரைவில் ஒளிந்திருந்த ஒரு நிரல்.

சான்றிதழ்கள் அழியவில்லை. அந்த நச்சுநிரல் (வைரஸ்) அவற்றை இயங்குதளமான விண்டோஸின் கோப்புகள் என்று குறியிட்டு மறைத்துவிட்டு, அவற்றின் பெயரிலேயே குறுக்குவழிகளை உருவாக்கி வைத்திருந்தது. பயனர் கோப்புறை என்று நினைத்து அதைச் சொடுக்கும்போது முதலில் நச்சுநிரல் ஓடும். அடுத்த நொடியே உண்மையான கோப்புறையும் திறந்துவிடும் என்பதால் எவருக்கும் ஐயம் எழாது. கோப்புறை அமைப்புகளில் மறைக்கப்பட்டவற்றையும், பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளையும் காட்டும்படி மாற்றியதும் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. அவற்றை மீட்டுக் கொடுத்தபின் தங்கை கேட்டாள்: “அண்ணா, இந்த மூணுல எதை வச்சுக்கிடணும்?”

ஒரு பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அந்த மூன்றும் தனித்தனியே பார்த்தால் மோசமானவை அல்ல. அந்த வீட்டுக்கும் அந்தக் கணினிக்கும் எது பொருந்தும் என்று யாரும் சோதித்துப் பார்க்காமல் ஏற்றியதுதான் பிழை. ஆன்ட்டிவைரஸை எடைபோடுவதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு வாரமும், ஒரு குறிப்பேடும், சற்றே பொறுமையும் இருந்தால் போதும். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணினியின் நிலையை முதலில் அறிதல்

அமைப்புகளில் ‘சிஸ்டம்’ பகுதியின் கீழ் ‘அபவுட்’ என்ற பக்கத்தைத் திறந்து, விண்டோஸின் பதிப்பையும் ராம் நினைவகத்தின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் இந்தப் படியைத் தவிர்த்துவிடுகிறார்கள். ஆனால் மற்ற எல்லா முடிவுகளும் இதைப் பொறுத்தே அமைகின்றன. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியிலும், 8.1-க்கானவை 2023 ஜனவரியிலும் நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நீட்டிக்கப்பட்ட திட்டத்தில் பதிந்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் உண்டு. ஆன்ட்டிவைரஸுக்கான நச்சுநிரல் அடையாளப் பட்டியலை விண்டோஸ் 10-க்கு 2028 அக்டோபர் வரை தருவதாக மைக்ரோசாஃப்ட் கூறியிருக்கிறது. இதைக் கண்டு நிம்மதி அடைய வேண்டாம். அடையாளப் பட்டியல் என்பது திருடனின் படத்தைக் காவலாளியிடம் கொடுப்பது போன்றது. இயங்குதளத் திருத்தம் என்பது உடைந்த கதவைச் சரிசெய்வது. இரண்டில் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இதற்குச் சான்றாக 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாக்ரை தாக்குதலைச் சொல்லலாம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டுவிட்டது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகளில்தான் கோப்புகள் பூட்டப்பட்டன. அண்டையில் கேரளத்தின் ஊராட்சி அலுவலகக் கணினிகள் சிலவும் அதில் சிக்கின.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் நம் மாவட்டத்தின் பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தொடக்க காலக் கணினிகளில் விண்டோஸ் 7-உடன், அதற்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸின் ‘பாஸ்’ என்ற வகையும் இருந்தது. அத்தகைய பழைய கணினியில் எந்த ஆன்ட்டிவைரஸை ஏற்றலாம் என்று கேட்டு வருபவர்களிடம், எதையும் ஏற்ற வேண்டாம், இலகுவான லினக்ஸ் ஒன்றுக்கு மாறிவிடுங்கள் என்றே நான் சொல்லிவருகிறேன். படம் பார்க்கவும், மின்னஞ்சல் அனுப்பவும், ரப்பர் விலையைப் பார்க்கவும் அது தாராளமாகப் போதும்.

ஏற்கெனவே உள்ளதைச் சரிபார்த்தல்

விண்டோஸ் 8 முதற்கொண்டு மைக்ரோசாஃப்டின் டிஃபென்டர் என்ற ஆன்ட்டிவைரஸ் இயங்குதளத்துடன் சேர்ந்தே வருகிறது. வேறொரு ஆன்ட்டிவைரஸை நிறுவும்போது, பொதுவாக டிஃபென்டர், கோப்புகளை அவை திறக்கும்போதே சோதிக்கும் தன் நிகழ்நேரக் காவலை நிறுத்திக்கொண்டு ஒதுங்கிவிடும். ஆகவே புதிய ஒன்றை நிறுவுவது என்பது, உள்ளதோடு ஒன்றைச் சேர்ப்பது அன்று. உள்ளதை அகற்றிவிட்டு அதன் இடத்தில் ஒன்றை அமர்த்துவது. ‘இது டிஃபென்டரைவிட நல்லதா’ என்று கேட்காமல், ‘டிஃபென்டரை இழக்கும் அளவுக்கு இது நல்லதா’ என்று கேட்டுப் பாருங்கள். விடை பெரும்பாலும் மாறிவிடும்.

‘விண்டோஸ் செக்யூரிட்டி’ செயலியைத் திறந்து, நிகழ்நேரப் பாதுகாப்பு, இணையம் வழியே நிறுவனத்தின் சர்வரிடம் கேட்டு முடிவு செய்யும் மேகவழிப் பாதுகாப்பு, அமைப்புகளை நச்சுநிரல் மாற்றிவிடாமல் காக்கும் ‘டேம்பர் புரொடெக்ஷன்’ ஆகிய மூன்றும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். கடைசியாக எந்தத் தேதியில் புதுப்பிக்கப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், செயலி மற்றும் உலாவிக் கட்டுப்பாட்டுப் பகுதியில், தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் வசதி இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். நான் பார்த்த கணினிகள் பலவற்றில் இது அணைந்தே கிடந்தது. விளம்பரம் காட்டும் கருவிப்பட்டைகளும், ‘கணினியை வேகமாக்கும்’ போலி மென்பொருட்களும் பெரும்பாலும் நுழைவது இது அணைந்திருக்கும்போதுதான். ஆவணக் கோப்புறைகளுக்குள் அறிமுகமில்லாத நிரல் எதுவும் எழுத முடியாமல் தடுக்கும் வசதி ஒன்றும் டிஃபென்டரில் உண்டு. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு எதிரான வேலி அது. டிஃபென்டரின் நிகழ்நேரக் காவல் இயங்கும்போது மட்டுமே அந்த வேலியும் இருக்கும். வேறொன்றை நிறுவினால், அதன் இலவசப் பதிப்பில் இதற்கு நிகரான வசதி உண்டா, அல்லது பணம் கட்டினால்தான் கிடைக்குமா என்று பார்த்தே ஆகவேண்டும்.

உங்கள் வீட்டுக்குள் எது எந்த வழியாக வருகிறது

ஆய்வக மதிப்பெண்களைப் பார்க்கும் முன், கடந்த ஆறு மாதத்தில் உங்கள் கணினிக்குள் வெளியிலிருந்து வந்த கோப்புகளை நினைவுபடுத்தி ஒரு தாளில் எழுதுங்கள். குமரி மாவட்டத்து வீடுகளில் அந்தப் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஜெராக்ஸ் கடைக்கும் இ-சேவை மையத்துக்கும் போய்வந்த பென்டிரைவ் முதலிடத்தில் நிற்கும். ஒரே நாளில் எத்தனையோ பேருடைய பென்டிரைவ் செருகப்படும் கணினியில், ஒருவருடையதில் இருந்தது எல்லோருக்கும் தொற்றுவதில் வியப்பில்லை. ஆகவே, பென்டிரைவைச் செருகியதும் அதைச் சோதிக்கவா என்று கேட்கும் மென்பொருளுக்கு நம் ஊரில் தனி மதிப்பு உண்டு. டிஃபென்டர், பென்டிரைவில் உள்ள ஒரு கோப்பைத் திறக்கும்போது சோதிக்குமே தவிர, செருகியவுடன் முழுவதையும் சோதிப்பதாக இயல்பிருப்பில் அமைக்கப்படவில்லை. பென்டிரைவை வலது சொடுக்கிட்டு நாமே சோதிக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்து வருவது வேலைவாய்ப்பு மின்னஞ்சல். துபாயிலோ குவைத்திலோ உள்ள மருத்துவமனையின் பெயரில் பணி ஆணை என்று சொல்லி ஒரு ஜிப் கோப்பு வரும். அதைத் திறப்பதற்கான கடவுச்சொல் அந்த மின்னஞ்சலிலேயே எழுதப்பட்டிருக்கும். கடவுச்சொல்லால் பூட்டிய ஜிப் கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த ஆன்ட்டிவைரஸாலும் பார்க்க முடியாது. நீங்கள் அதைப் பிரித்து எடுத்த பின்னரே அதற்குத் தெரியும். கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்குள்ளேயே எழுதி அனுப்புவதன் நோக்கமும் அதுதான். எனவே இணையவழிக் கோப்புகளைப் பதிவிறக்கும் கட்டத்திலும், பிரித்தெடுக்கும் கட்டத்திலும் சோதிக்கும் நிகழ்நேரக் காவல் உங்கள் தேர்வில் இருப்பது கட்டாயம்.

மூன்றாவது வழியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். திருமண ஆல்பம் வடிவமைக்கும் மென்பொருளையும் அலுவலக மென்பொருளையும் பணம் கொடுக்காமல் ஏற்றித் தரும் வழக்கம் இங்கே ஊன்றிவிட்டது. ஒருமுறை ஒரு கடையில் என் கண்முன்னே ஒரு தம்பி, “அண்ணே, ஆன்ட்டிவைரசை ஆஃப் பண்ணினாத்தான் இது ஏறும்” என்று சொல்லியபடியே காவலை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். முடித்தபின் அதை மீண்டும் இயக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கும்வரை நானும் கவனிக்கவில்லை. பணம் கொடுக்காமல் ஏற்றுவதற்காக மென்பொருளின் உரிமப் பூட்டை உடைக்கும் சிறு நிரலை ஆன்ட்டிவைரஸ் ‘ஹேக்டூல்’ என்ற வகைப்பெயரால் தடுக்கும்போது, அது பொய் எச்சரிக்கை என்றே பலரும் கருதுகிறார்கள். சில சமயம் அந்த நிரல் வேறு தீங்கு எதுவும் செய்யாமலும் இருக்கலாம். ஆனால் தீங்கு செய்வதும் அதே பெயரில், அதே அளவில், அதே தளத்தில் கிடைக்கிறது. காவலை அணைத்துவிட்டு ஓட்டுபவருக்கு இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க வழியே இல்லை. இத்தகைய நிரல்களைத் தொடர்ந்து ஏற்றும் வீட்டுக்கு எந்த ஆன்ட்டிவைரஸைப் பரிந்துரைத்தும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆய்வக அறிக்கைகளைப் படிக்கும் விதம்

வலையில் கிடைக்கும் ‘சிறந்த பத்து’ பட்டியல்கள் பலவற்றில், இணைப்பைச் சொடுக்கி வாங்குவோரிடமிருந்து எழுதியவருக்குத் தரகு போகிறது. அவற்றை விட்டுவிட்டு, ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் உள்ள ஏவி-கம்பேரடிவ்ஸ் ஆகிய இரு ஆய்வகங்களின் முடிவுகளை நேரடியாகப் பாருங்கள். இரண்டும் தங்கள் அறிக்கைகளைக் கட்டணமின்றி வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என்ற மூன்றுக்கும் தலா 6 என்று மொத்தம் 18 மதிப்பெண் இடுகிறது. பயன்பாட்டு எளிமை என்ற தலைப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். நல்ல கோப்பை நச்சு என்று பிழையாகச் சொல்லும் தவறுகளே அங்கு கணக்கிடப்படுகின்றன.

இந்த மதிப்பெண்களில் மிக நுண்ணிய வேறுபாடுகளுக்குப் பொருள் இல்லை. நானூறு மாதிரிகளைக் கொண்ட ஒரு சோதனையில் ஒன்றைத் தவறவிட்டால் 99.75 விழுக்காடு, இரண்டைத் தவறவிட்டால் 99.5. இந்தக் கால் விழுக்காட்டுக்காக ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது வீண். ஒரே ஒரு மாத அறிக்கையை நம்பாமல், கடந்த ஓராண்டின் அறிக்கைகளை வரிசையாக வைத்து, எது தொடர்ந்து நல்ல இடத்தில் இருக்கிறது, எது ஏறியும் இறங்கியும் அலைகிறது என்று பாருங்கள். மேலும், சோதிக்கப்பட்டது இலவசப் பதிப்பா, கட்டணப் பதிப்பா என்று அறிக்கையில் உள்ள பெயரைக் கூர்ந்து படியுங்கள். கட்டணப் பதிப்பு பெற்ற பதக்கத்தை இலவசப் பதிப்பின் பக்கத்திலும் மாட்டிவைக்கும் நிறுவனங்கள் உண்டு.

நம் மாவட்டத்தில் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரு நெடுவரிசை ஏவி-கம்பேரடிவ்ஸின் நச்சுநிரல் பாதுகாப்புச் சோதனையில் இருக்கிறது. இணைய இணைப்பு இருக்கும்போது கண்டுபிடித்தது எவ்வளவு, இணைப்பு இல்லாதபோது கண்டுபிடித்தது எவ்வளவு என்று அது தனித்தனியே தருகிறது. இன்றைய ஆன்ட்டிவைரஸ்கள் பல, ஐயத்துக்குரிய கோப்பைப் பற்றித் தங்கள் நிறுவனத்தின் சர்வரிடம் கேட்டே முடிவு செய்கின்றன. டிஃபென்டர் இவ்வகையில் மேகத்தை அதிகம் சார்ந்தது, இணைப்பு இல்லாதபோது அதன் கண்டறியும் விகிதம் இறங்குவதை அந்த அறிக்கைகளில் காணலாம். நாகர்கோவில் நகருக்குள் இது பெரிய குறை அல்ல. குலசேகரத்துக்கு அப்பால் மலையடிவார ஊர்களில், மழையில் மின்சாரம் போனால் மோடமும் அணைந்துவிடும். மடிக்கணினியோ பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒரு பென்டிரைவைச் செருகினால், அது இணைப்பற்ற சோதனையின் நிலைமையேதான். அத்தகைய வீடுகளில் இணைப்பின்றியும் நன்றாகக் கண்டறியும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு நியாயம் இருக்கிறது.

இலவசத்துக்கு நாம் கொடுக்கும் விலை

பணம் வாங்காத நிறுவனம் எதை வாங்குகிறது என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. இலவச ஆன்ட்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனம் தன் மென்பொருளும் உலாவி நீட்சிகளும் வழியாகப் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் மூலம் பிறருக்கு விற்றது. பத்திரிகைகள் இதை வெளிக்கொண்டுவந்ததும் 2020 ஜனவரியில் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024-இல் 1.65 கோடி டாலர் செலுத்த உத்தரவிட்டதோடு, விளம்பரத்துக்காக உலாவல் விவரங்களை விற்கவும் தடை விதித்தது. வீட்டைக் காக்கவென்று அமர்த்திய ஒன்றே வீட்டாரின் நடமாட்டத்தை விற்றது என்பதனால், இந்த ஒரு நிகழ்வை நான் மறப்பதில்லை.

இதன் பொருள், இலவசமானவை எல்லாம் இப்படித்தான் என்பதன்று. நிறுவும் முன் தனியுரிமைக் கொள்கையில் ‘மூன்றாம் தரப்பு’ என்று வரும் இடங்களைத் தேடிப் படியுங்கள். நிறுவியபின் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று, விவரங்களைப் பகிர்வதற்கான குறிகளை எடுத்துவிடுங்கள். உரிமையாளர் யார் என்றும் பாருங்கள். ஏவிஜி என்ற ஆன்ட்டிவைரஸ் நிறுவனத்தை 2016-இல் அவாஸ்ட் வாங்கியது. பின்னர் அவிரா என்ற இன்னொன்றை நார்ட்டன் நிறுவனம் வாங்கியது. 2022-இல் அவாஸ்டும் நார்ட்டனும் இணைந்து, இன்று இந்த நான்கு பெயர்களும் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. அவாஸ்ட் பிடிக்காமல் ஏவிஜிக்கு மாறியதாகச் சொல்பவர், அதே வீட்டின் பின்வாசல் வழியாக நுழைந்திருக்கிறார். ருமேனியாவின் பிட்டிஃபென்டர் நிறுவனமும் இலவசப் பதிப்பு ஒன்றைத் தருகிறது. அதன் அமைப்புகள் குறைவு, தொந்தரவும் குறைவு. காஸ்பர்ஸ்கி ஆன்ட்டிவைரஸை அமெரிக்கா 2024-இல் தன் நாட்டில் தடை செய்தது; அத்தடை இந்தியாவுக்குப் பொருந்தாது என்றாலும், அங்கிருந்த பயனர்கள் பலரின் கணினியில் அவர்களைக் கேட்காமலே வேறொரு மென்பொருள் அதனிடத்தில் வந்து அமர்ந்ததை நினைவில் கொள்வது நல்லது.

‘இலவசம்’ என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு பொருட்களைக் குறிக்கிறது என்பதையும் கவனியுங்கள். முதலாவது, காலவரையின்றி நிகழ்நேரக் காவல் தருவது. இரண்டாவது, முப்பது நாள் கழித்துப் பணம் கேட்கும் சோதனைப் பதிப்பு. மூன்றாவது, நாம் சொல்லும்போது மட்டும் சோதிப்பது. மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு, தொடக்கச் சோதனைக் காலம் முடிந்தபின் இந்த மூன்றாம் வகைதான். நிகழ்நேரக் காவல் அதில் இல்லை. மைக்ரோசாஃப்டின் சேஃப்டி ஸ்கேனரும் அவ்வாறே. பதிவிறக்கிய பத்து நாளில் அது காலாவதியாகும், மறுபடி புதிதாகப் பதிவிறக்க வேண்டும். இந்திய அரசு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவின் தளத்தில், சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்ற நிறுவனங்களின் நச்சுநிரல் நீக்கும் கருவிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பென்டிரைவ்களைக் கட்டுப்படுத்த, சி-டாக் என்ற அரசு ஆய்வு நிறுவனம் உருவாக்கிய யுஎஸ்பி பிரதிரோத் என்ற கருவியும் அங்கே உண்டு. இவற்றை இரண்டாம் கருத்துக் கேட்பதற்காக வைத்துக்கொள்ளலாம். முதன்மைக் காவலாக அல்ல.

ஒரு வாரச் சோதனை

தேர்ந்தெடுக்க நினைப்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அதை நிறுவும் முன், இப்போதைய நிலையை அளந்து குறிப்பேட்டில் எழுதுங்கள். மின்பொத்தானை அழுத்தியதிலிருந்து உலாவியில் ஒரு பக்கம் முழுதாகத் திறக்கும்வரை எத்தனை நொடி என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து மூன்று முறை அளந்து, நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஜிபி அளவுள்ள புகைப்படக் கோப்புறை ஒன்றைப் பென்டிரைவிலிருந்து கணினிக்கு நகலெடுக்க ஆகும் நேரத்தையும் அவ்வாறே எழுதுங்கள். நிறுவியபின் முதல் நாளை விட்டுவிடுங்கள். அன்று அது கணினி முழுவதையும் சோதித்துக்கொண்டிருக்கும் என்பதால் மந்தமாகவே இருக்கும். மூன்றாம் நாள் அதே அளவுகளை மறுபடி எடுங்கள். சித்தி வீட்டுக் கணினி அந்த மூன்றையும் சுமந்தபோது எழுந்திருக்க ஆறு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. இரண்டை அகற்றியபின் இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. வன்தட்டு (ஹார்டு டிஸ்க்) உள்ள கணினியில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். எஸ்எஸ்டி உள்ளதில் அவ்வளவு தெரியாது.

நிறுவும்போது ‘கஸ்டம்’ என்ற வழியைத் தேர்ந்து, உடன் ஏற்ற முயலும் உலாவி, விபிஎன், துப்புரவுக் கருவி ஆகியவற்றின் குறிகளை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு வாரத்தில் திரையில் குதிக்கும் அறிவிப்புகளை எண்ணுங்கள். உண்மையான எச்சரிக்கை ஒரு பக்கம், ‘உங்கள் கணினியில் இத்தனை சிக்கல்கள், தீர்க்கப் பணம் செலுத்துங்கள்’ என்ற வகை மறுபக்கம் என்று இரண்டு நெடுவரிசையாகக் குறித்தால், ஏழாம் நாள் மாலை அந்தத் தாளே உங்களுக்கு விடை சொல்லும். இதைச் சிறு தொந்தரவு என்று தள்ளிவிடாதீர்கள். நாள்தோறும் பொய்யாகப் பயமுறுத்தப்படும் வீட்டுப் பெரியவர், உண்மையான எச்சரிக்கை வரும் நாளில் அதையும் பழக்கத்தால் மூடிவிடுவார். அல்லது பயந்துபோய் அட்டை எண்ணைக் கொடுத்துவிடுவார். அட்டை விவரம் கேட்கும் இலவசச் சோதனை எதற்கும் அதைக் கொடுக்க வேண்டாம். ஆண்டு முடிவில் தானாகவே பணம் எடுக்கப்படும் ஏற்பாடு பெரும்பாலும் அதில் இருக்கும்.

காவல் விழித்திருக்கிறதா என்று அறிய, ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பு வெளியிட்டுள்ள சோதனைக் கோப்பைப் பயன்படுத்துங்கள். வெறும் 68 எழுத்துகள் கொண்ட அது யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் அதை நச்சுநிரலாகவே கருதித் தடுப்பதென்று ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டுள்ளன. அந்த அமைப்பின் தளத்திலிருந்து அதைப் பதிவிறக்கிப் பாருங்கள், தடுக்கப்பட வேண்டும். ஜிப்புக்குள் வைத்த வடிவமும் அங்கே உண்டு. அதைப் பிரிக்கும்போது தடுக்கப்பட்டாலும் சரியே. பிறகு, வேறு கணினியில் அதைப் பென்டிரைவில் ஏற்றி, உங்கள் கணினியில் செருகி, திறக்க முயன்று பாருங்கள். இதில் தேறினால் மென்பொருள் உயிரோடு இருக்கிறது என்று மட்டுமே பொருள். அது திறமையானது என்பதற்கு இது சான்றல்ல. உண்மையான நச்சுநிரலைத் தேடிப் பிடித்து வீட்டில் சோதிக்கும் வேலையில் எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள்.

நல்ல கோப்பைப் பிழையாகத் தடுக்கிறதா என்பதையும் இந்த வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். தமிழில் தட்டச்சு செய்வோர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்துத் தமிழ் எழுத்தாக மாற்றுவதே தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் வேலை. அழுத்தும் விசைகளைத் திருடும் உளவு நிரலின் செயலும் வெளியிலிருந்து பார்க்க ஏறத்தாழ அதைப் போன்றதே. ஆகவே நீங்கள் பயன்படுத்தும் தட்டச்சு மென்பொருள், பழைய டிடிபி மென்பொருள், குழந்தைகளின் பாடச் செயலி அனைத்தையும் ஒருமுறை திறந்து இயக்கிப் பாருங்கள். ஏதேனும் தடுக்கப்பட்டால், உடனே விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடாமல், அந்த நிறுவுகோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். கூகுளுக்குச் சொந்தமான அந்தத் தளம், ஏறத்தாழ எழுபது ஆன்ட்டிவைரஸ்களைக் கொண்டு ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும். ஒன்றிரண்டு மட்டும் குறை சொன்னால் பிழை எச்சரிக்கையாக இருக்கலாம். இருபது, முப்பது சொன்னால் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். அங்கே ஏற்றும் கோப்புகளைப் பாதுகாப்பு நிறுவனங்களும் ஆய்வாளர்களும் பெற முடியும் என்பதால், ஆதார், கடவுச்சீட்டு, நிலப் பத்திரம் போன்ற சொந்த ஆவணங்களை ஒருபோதும் அங்கு ஏற்றக் கூடாது.

ஐந்தாம் நாளில் இணைப்பை ஒரு முழுநாள் துண்டித்துவிட்டு, மறுநாள் இணைத்துப் பாருங்கள். நீங்கள் எதையும் சொடுக்காமலே ஓரிரு மணி நேரத்தில் புதுப்பிப்பு நடந்திருக்க வேண்டும். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் ஓடும் வீடு என்றால், அதற்கு எத்தனை எம்பி செலவாயிற்று என்றும் பாருங்கள்.

முடிவும் அகற்றலும்

பராமரிக்கப்படும் விண்டோஸ், நிலையான இணைப்பு, நாலைந்து பேர் புழங்கும் வீடு என்றால், டிஃபென்டரை முழுமையாக இயக்கி வைத்து, மாதம் ஒருமுறை மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பாலோ சேஃப்டி ஸ்கேனராலோ சோதிப்பதே போதும் என்பது என் கருத்து. சித்தி வீட்டிலும், மிஞ்சியிருந்த ஒன்றையும் அகற்றிவிட்டு, அதையே செய்தேன். இணைப்பு அடிக்கடி அறுந்து, பென்டிரைவ் நாள்தோறும் வந்துபோகும் வீட்டுக்கு மட்டும், ஒரு வாரச் சோதனையில் தேறிய வேறொன்றை நிறுவலாம். அப்போதும் டிஃபென்டரில் ‘அவ்வப்போது சோதித்தல்’ என்ற வசதியை இயக்கிவைத்தால், இரண்டும் மோதிக்கொள்ளாமல் ஒரு மறுபார்வை கிடைக்கும். இரண்டு நிகழ்நேரக் காவல்களை ஒன்றாக ஓடவிட்டால், ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்று பிடிக்க, கணினி மந்தமாகி, சில வேளை எதுவுமே சோதிக்கப்படாமல் போகும்.

வேண்டாதவற்றை அகற்றும்போது செயலிப் பட்டியலில் நீக்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் மென்பொருளின் மிச்சங்களைத் துடைக்கத் தனி அகற்றுக் கருவி ஒன்றைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. அதை ஓட்டி, கணினியை மறுதொடக்கம் செய்து, உலாவியில் அது விட்டுச்சென்ற நீட்சியையும் மாற்றிவைத்த தேடுபொறியையும் சரிசெய்யுங்கள். அதன்பின் விண்டோஸ் செக்யூரிட்டியை மீண்டும் திறந்து, நிகழ்நேரக் காவலின் பொறுப்பில் ஒரே ஒரு பெயர் மட்டுமே நிற்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தங்கை இப்போது அந்தப் பெயரையும் புதுப்பித்த தேதியையும் சான்றிதழ் கோப்பின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்து, ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் பென்டிரைவைச் சோதித்துவிட்டு, அதன் கீழே ஒரு கோடு போட்டுவருகிறாள்.